முப்பது டிகிரி திரும்பிய எலும்பு

2022ஆம் ஆண்டு ஜூன் 2. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், ராசெஸ்டர் நகரத்து மேயோ மருத்துவமனை. நன்றாக ஒட்டிச் சேர்ந்திருந்த ஒரு மேற்கை எலும்பை அங்கே மருத்துவர்கள் வேண்டுமென்றே அறுத்தார்கள். அறுத்த துண்டை ஏறக்குறைய 30 டிகிரி திருப்பிவைத்து, தகடும் திருகுகளும் கொண்டு மறுபடி பூட்டினார்கள். மேசையில் படுத்திருந்தவர் மார்க் மார்க்கேஸ். ஸ்பெயின்காரர், 29 வயது, அதுவரை எட்டு முறை மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் உலக சாம்பியன். அந்தக் கையில் வலி இருந்தது உண்மை. ஆனால் சாப்பிடவும் எழுதவும் சட்டை பொத்தான் போடவும் அது போதும். நம்மில் ஒருவராக இருந்தால் அந்தக் கையோடே ஆயுளை ஓட்டியிருப்போம். பந்தய பைக் ஓட்ட மட்டும் அது போதவில்லை.

பைக் பந்தயக்காரர் என்றதும் நமக்கு முதலில் தோன்றுவது துணிச்சல். உலக பைக் பந்தயத்தின் உச்சப் பிரிவான மோட்டோஜிபியின் தொடக்கக் கோட்டில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் நிற்கிறார்கள். அவர்களில் துணிச்சல் குறைந்தவர் ஒருவரும் கிடையாது; இருந்திருந்தால் அந்த இடத்துக்கு வந்தே சேர்ந்திருக்க மாட்டார். அப்படியிருக்க, 2014ஆம் ஆண்டில் முதல் பத்துப் பந்தயங்களையும் வரிசையாக ஒரே ஆள் வென்றது எப்படி? துணிச்சலை வைத்து இதை விளக்க முடியாது என்பது என் கட்சி. விடை முன்சக்கரத்து டயர் தரையைத் தொடும் உள்ளங்கையளவு இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் நடப்பதை உணர்ந்து உடனே திருத்துகிற ஒரு கையில் இருக்கிறது.

வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கட்டலோனியாவில் செர்வேரா என்ற சிற்றூரில் 1993 பிப்ரவரி 17 அன்று பிறந்தவர். பைக்கில் இருக்கும் 93 என்ற எண் பிறந்த ஆண்டுதான். 15 வயதில், 2008இல், 125 சிசி உலகப் பந்தயத்துக்குள் நுழைந்தார். 2010இல் அந்தப் பிரிவின் பட்டம், 2012இல் இடைநிலைப் பிரிவான மோட்டோ2 பட்டம். ஆஸ்திரேலியரான கேசி ஸ்டோனர் ஓய்வு பெற்றதால் காலியான ஹோண்டா இருக்கையில் 2013இல் உட்கார்ந்தவர், மோட்டோஜிபியில் தன் இரண்டாவது பந்தயத்தையே வென்றார். அந்த ஆண்டின் பட்டமும் அவருக்குத்தான். அப்போது வயது 20 ஆண்டு 266 நாள். அமெரிக்கரான ஃப்ரெடி ஸ்பென்சர் 1983இல் ஏற்படுத்திய இளவயதுச் சாதனை அன்று உடைந்தது. பிறகு 2014, 2016, 2017, 2018, 2019. இதற்குமேல் வெற்றிகளை அடுக்கினால் கட்டுரை பட்டியலாகிவிடும்.

மோட்டோஜிபி பைக்கின் எஞ்சின் 1000 சிசி. எடை குறைந்தது 157 கிலோ. திறன் 250 குதிரைச் சக்திக்கு மேல். 2023இல் இத்தாலியின் முஜெல்லோ தடத்தில் தென்னாப்பிரிக்கரான பிராட் பைண்டர் மணிக்கு 366.1 கி.மீ. தொட்டார். ஆனாலும் நேர்கோட்டு வேகம் பெரும்பாலும் எஞ்சினின் வேலை. ஓட்டுபவரின் வேலை பிரேக் பிடிக்கும் இடத்தில் தொடங்குகிறது.

திருப்பத்தில் பைக் சாய்வது ஏன் என்பதைப் பள்ளி இயற்பியலே சொல்லிவிடும். பைக் வளைந்து செல்ல, வளைவின் மையத்தை நோக்கி ஒரு விசை வேண்டும். அதைத் தரக்கூடியது டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு மட்டுமே. அந்த விசை கீழே, டயரடியில் செயல்படுகிறது. எடைமையமோ மேலே இருக்கிறது. நிமிர்ந்தபடி திரும்பினால் வண்டி வெளிப்பக்கம் கவிழ்ந்துவிடும். அதனால் உள்பக்கம் சாய்ந்து, புவியீர்ப்பு இழுக்கும் இழுப்பைக் கொண்டு அந்தக் கவிழ்ப்பை ஈடுகட்ட வேண்டும். எவ்வளவு சாய வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. 45 டிகிரி சாய்ந்தால், பக்கவாட்டு விசை எடைக்குச் சமம். 60 டிகிரியில் அது எடையைப் போல் 1.7 மடங்கு. 64 டிகிரியில் இரண்டு மடங்கு. பைக்கும் ஆளும் சேர்ந்த எடைமையத்தின் சாய்வுதான் இந்தக் கணக்கில் வருவது. டயரின் அகலமும் ஆள் உள்பக்கம் தொங்குவதும் பைக்கின் சாய்வைக் கூட்டியும் குறைத்தும் காட்டும். இருந்தாலும் அளவு புரிகிறதல்லவா? மார்க்கேஸின் பைக் 60 டிகிரிக்கு மேல் சாய்வது அன்றாட நிகழ்ச்சி.

இங்கே ஒரு சந்தேகம் எழ வேண்டும். எடையைவிட அதிகமான பக்கவாட்டு விசையை உராய்வு எப்படித் தாங்கும்? இரும்பும் மரமும் ஒன்றையொன்று தேய்க்கும்போது உராய்வு எடைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று நாம் படித்த விதி பொருந்துகிறது. ரப்பர் அந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை. சூடான மென்ரப்பர் தார்ச்சாலையின் கல்முனைகளுக்குள் அமுங்கிப் புகுந்து, மெதுவாக மீள்கிறது. அப்படி அமுங்கி மீளும்போது ஆற்றல் வெப்பமாகச் செலவாகிறது. அந்தச் செலவே பிடிப்பாக மாறுகிறது. இதோடு, ரப்பர் மூலக்கூறுகள் கல்லின் பரப்பில் கணநேரம் ஒட்டி விடுபடும் ஒட்டுவிசையும் சேர்கிறது. இரண்டுக்கும் சூடு வேண்டும். அதனால்தான் பந்தயத்துக்கு முன் டயர்களை மின்போர்வையால் சுற்றி 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ஆறிப்போன பந்தய டயர், நம் ஊர் பைக்கின் சாதாரண டயரைவிட மோசமானது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உலர்ந்த சாலையில் சாதாரண டயரின் பிடிப்பு எடையில் 0.8 மடங்கு என்று வைத்துக்கொண்டால், சாய்வின் எல்லை 39 டிகிரியோடு முடிந்துவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காற்று கொண்டுவந்து கொட்டும் மணல் அந்த எல்லையை இன்னும் கீழே இறக்கும். முட்டி உரசும் படத்தை முகநூலில் போட ஆசைப்படும் தம்பிகளுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருப்பது நல்லது.

சாய வேண்டும், சரி. பைக்கை எப்படிச் சாய்ப்பது? இடப்பக்கம் திரும்ப விரும்பும் பந்தயக்காரர் ஹேண்டில்பாரின் இடது முனையை முன்னால் தள்ளுகிறார். சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் திரும்புகிறது. டயர் வலப்பக்கமாக நழுவிப் போக, மேலே இருக்கும் எடை இடப்பக்கம் விழத் தொடங்குகிறது. அதாவது, பைக்கைத் திருப்புவதற்கு முதலில் எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். சைக்கிள் ஓட்டும் எல்லாருமே தெரியாமல் இதைச் செய்கிறோம். விமானம் கண்டுபிடித்த ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். மூத்தவரான வில்பர் ரைட் பல ஓட்டுநர்களிடம், இடப்பக்கம் திரும்ப என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுப் பார்த்தார். ஒருவராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை என்று அவர் பதிவு செய்திருக்கிறார். உடம்புக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை. பந்தயக்காரர் இதையே முழுப் பிரக்ஞையோடு, 157 கிலோ வண்டியை வைத்து, ஒரு சுற்றில் பத்துப் பதினைந்து முறை செய்கிறார். அதற்கு நல்ல கைபலம் வேண்டும்.

இனி முன்சக்கரத்துக்கு வருவோம். டயரின் பிடிப்பு என்பது மாதச் சம்பளம் மாதிரி. பிரேக்குக்கு எவ்வளவு கொடுக்கிறோமோ அவ்வளவு திருப்பத்துக்குக் குறையும். இரண்டுக்கும் முழுசாகக் கொடுக்க முடியாது. எச்சரிக்கையான ஓட்டுநர் நிமிர்ந்த நிலையில் பிரேக்கை முடித்துக்கொண்டு, பிறகு சாய்வார். மார்க்கேஸ் பிரேக்கை விடாமலே சாய்கிறார். சாய்வு கூடக் கூட விரலின் அழுத்தத்தைத் துளித்துளியாகத் தளர்த்தி, பிரேக் விட்டுக்கொடுத்ததைத் திருப்பத்துக்கு மாற்றுகிறார். மொத்தச் செலவு எப்போதும் எல்லையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். இந்தப் பாணியை எல்லாரும் அறிவார்கள், எல்லாரும் செய்கிறார்கள். எல்லைக்கு எவ்வளவு பக்கத்தில் செய்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

பின்சக்கரத்துக்கு இன்று மின்னணுக் காவல் உண்டு. சாய்வையும் சக்கர வேகத்தையும் உணரிகள் அளந்து சொல்ல, பின்டயர் அளவுக்கு மீறி வழுக்கினால் கணினி எஞ்சினின் திறனைக் குறைத்துவிடும். முன்சக்கரத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும், நம் ஊர் பைக்குகளில்கூட வந்துவிட்ட ஏபிஎஸ் பிரேக்குக்கு மோட்டோஜிபி விதிகள் தடை போட்டிருக்கின்றன. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டும் அந்த இயந்திரத்தில், முன்டயரைக் காப்பாற்றும் பொறுப்பு முழுக்க மனிதனிடம் விடப்பட்டிருக்கிறது. எனக்கு இந்த விளையாட்டின் மேல் மரியாதை வந்ததே இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான்.

அந்த மனிதனுக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு? கண்ணால் ஒன்றைப் பார்த்து, முடிவெடுத்து, கையை அசைக்க நமக்குக் குறைந்தது 0.2 விநாடி ஆகும். மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் திரும்பும் பைக் அதற்குள் ஏறக்குறைய 7 மீட்டர் போய்விடும். முன்டயர் வழுக்கத் தொடங்கினால் அவ்வளவு நேரம் காத்திருக்காது. ஆகவே கண்ணை நம்பி ஒன்றும் செய்ய முடியாது. தசைகளுக்குள் இருக்கும் நீட்சி உணரிகள் தண்டுவடத்தின் வழியாகத் தரும் அனிச்சை பதில் 0.05 விநாடிக்குள் வந்துவிடும். மூளையையும் தொட்டுவரும் சற்றே புத்திசாலியான அனிச்சைக்கு 0.1 விநாடி போதும். ஹேண்டில்பார் கைக்குள் திடீரென்று இலேசாவதை இந்த உணரிகள்தான் கண்டுபிடிக்கின்றன. அதற்கும் முன்னதாக, பைக் அடுத்த கணம் எப்படி நடந்துகொள்ளும் என்று சிறுமூளை ஓர் ஊகத்தை வைத்துக்கொண்டே இருக்கிறது. ஊகத்துக்கும் நடப்புக்கும் இடைவெளி விழுந்த மாத்திரத்தில் உடம்பு வேலையைத் தொடங்கிவிடுகிறது. பந்தயக்காரர்கள் முன்டயரின் உணர்வு கிடைக்கவில்லை என்று பொறியாளர்களிடம் புலம்புவார்களே, அந்தப் புலம்பல் கற்பனையல்ல. கையிலிருந்து வரும் சமிக்ஞை மங்கிப்போனதைப் பற்றிய முறைப்பாடு.

மார்க்கேஸின் பெயர்போன வித்தை இங்கேதான் வருகிறது. 60 டிகிரிக்கு மேல் சாய்ந்த நிலையில் முன்சக்கரம் வழுக்கினால், மற்றவர்கள் கீழே. இவர் உள்பக்கத்து முழங்காலையும் முழங்கையையும் தரையில் ஊன்றி, சறுக்கிக்கொண்டே பைக்கைத் தூக்குகிறார். பார்ப்பதற்கு மாயாஜாலம். கணக்கில் மாயம் ஒன்றுமில்லை. உடம்பு மூன்றாவது ஆதாரமாகித் தரையில் ஊன்றும்போது, முன்டயரின் மேலிருந்த சுமையில் ஒரு பங்கு உடம்புக்கு மாறுகிறது. அதே நொடியில் திராட்டிலைச் சற்றே திறந்தால், எடை பின்சக்கரத்தை நோக்கி நகர்கிறது. முன்டயர் செய்ய வேண்டிய வேலை குறைந்து, வழுக்கும் வேகம் தணிந்து, ரப்பர் மறுபடி கல்லைப் பற்றிக்கொள்கிறது. கணக்கு இவ்வளவுதான். அதை 0.1 விநாடிக்குள் போட்டு முடிக்க, முழங்கை ஏற்கெனவே தரையருகே சரியான கோணத்தில் காத்திருக்க வேண்டும். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், அதைத் தாண்டிப் பார்த்தாக வேண்டும். மார்க்கேஸ் பயிற்சி ஓட்டங்களில் விழுந்துகொண்டே இருப்பார். 2017இல் பயிற்சியும் பந்தயமும் சேர்த்து 27 முறை விழுந்தார்; பட்டமும் அவருக்குத்தான். வெள்ளிக்கிழமை விழுந்து அளந்த எல்லையை ஞாயிற்றுக்கிழமை பயன்படுத்துவது அவர் முறை. 2019இல் அதன் பலன் முழுதாகத் தெரிந்தது. 19 பந்தயங்களில் அமெரிக்காவின் ஆஸ்டினில் விழுந்த ஒன்றைத் தவிர, மற்ற 18லும் முதலிடம் அல்லது இரண்டாமிடம். இந்த முறைக்கு ஒரு விலை உண்டு என்பதும், அதை உடம்புதான் கட்ட வேண்டும் என்பதும் எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது.

இன்னொரு விசித்திரம்: அவர் இடது திருப்பங்களின் ராஜா. ஜெர்மனியின் சாக்சென்ரிங் தடத்தில் 13 திருப்பங்கள். பத்து இடப்பக்கம், மூன்றே வலப்பக்கம். 2010 முதல் 2019 வரை, மூன்று பிரிவுகளில், பத்து ஆண்டும் அங்கே அவரே முதல் இடத்திலிருந்து புறப்பட்டு, அவரே வென்றார். சிறுவயதிலிருந்து அவர் பயிற்சி எடுத்துவந்த முட்டை வடிவ மண்தடங்களில் வண்டி இடப்பக்கமாகவே சுற்றும் என்பதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். ஆனால் சாக்சென்ரிங்கில் பலரைக் கவிழ்ப்பது ஒரு வலது திருப்பம். வரிசையாக இடது திருப்பங்களே வருவதால், டயரின் வலது ஓரம் தரையைத் தொடாமல் ஆறிக்கொண்டே இருக்கிறது. பிறகு இறக்கத்தில், அதிவேகத்தில், ஒரு வலது திருப்பம் வந்து நிற்கிறது. ஆறிய ரப்பரை நம்பிச் சாய்ந்தவர்கள் சரளைக்கல்லில் போய் முடிகிறார்கள்.

2020 ஜூலை 19, ஸ்பெயினின் ஹெரெஸ். கொரோனாவால் தள்ளிப்போன பருவத்தின் முதல் பந்தயம். தொடக்கச் சுற்றுகளில் ஒரு வழுக்கலைச் சமாளித்துத் தடத்துக்கு வெளியே போன மார்க்கேஸ், 16ஆம் இடத்திலிருந்து ஒவ்வொருவராகக் கடந்து மூன்றாம் இடம்வரை வந்துவிட்டார். சில சுற்றுகளே மிச்சமிருந்தபோது பின்டயர் வழுக்கியது. வழுக்கியது திடீரென்று பிடித்துக்கொண்டது. வழுக்கி விழுவதைவிட, வழுக்கிப் பிடித்துக்கொள்வதே ஆபத்து. பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்த பின்சக்கரம் சடாரென்று நிற்க, அழுந்திய ஸ்பிரிங்குகள் விரிந்து, பைக் ஆளை மேலே தூக்கி எறிகிறது. விழுந்து உருண்டவரின் வலது மேற்கையில் பைக்கின் முன்சக்கரமே வந்து மோதியது. ஹியூமரஸ் என்னும் மேற்கை எலும்பு முறிந்தது. 2018 முதல் கட்டாயமாக்கப்பட்ட காற்றுப்பை உடை தோளையும் காறை எலும்பையும் காக்கும். மேற்கைக்கு அதில் இடமில்லை.

இரண்டு நாளில் அறுவை சிகிச்சை, தகடு பொருத்தினார்கள். எலும்பின் பின்புறம் சுற்றிச் செல்லும் நரம்பு நல்லவேளையாகத் தப்பியிருந்தது. அதே வாரம் சனிக்கிழமை அவர் மறுபடி பைக்கில் ஏறி, பயிற்சி ஓட்டம் ஓட்டினார். உலகமே கைதட்டியது. எலும்பியல் தெரிந்தவர்கள் தட்டியிருக்க மாட்டார்கள். முறிந்த இடத்தில் புது எலும்பு உருவாக வேண்டுமானால், அங்கே அசைவு மிகக் குறைவாக இருக்க வேண்டும். முறிவின் இடைவெளியில் 2 சதவீதத்துக்கு மேல் நீட்சி ஏற்பட்டால் எலும்பணுக்களால் அங்கே நிலைக்க முடியாது. 10 சதவீதம்வரை குருத்தெலும்பு தாங்கும். அதற்கும் மேலே நார்த்திசுதான். ஒரு மில்லிமீட்டர் இடைவெளி என்றால், 0.02 மில்லிமீட்டர் அசைவுதான் அனுமதி. மோட்டோஜிபி பைக்கோ, ஏறக்குறைய ஐந்தே விநாடியில் மணிக்கு 340 கி.மீ. வேகத்திலிருந்து 90க்கு இறங்கும். அப்போது ஆளை முன்னே தள்ளும் விசை அவருடைய எடையைப்போல் ஒன்றரை மடங்குக்குப் பக்கத்தில் வரும். அதில் பெரும்பங்கைக் கைகள் தாங்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை எடுத்த முடிவு தவறு. பின்னாளில் மார்க்கேஸே அதை ஒப்புக்கொண்டார்.

உலோகத்துக்குச் சோர்வு உண்டு. எலும்பு சேரும்வரை மட்டும் தாங்குவதற்காக வைக்கப்படும் தகடு, திரும்பத்திரும்ப வளைந்தால் உள்ளே நுண்விரிசல் வளர்ந்துகொண்டே போகும். சில நாள் கழித்து, வீட்டில் ஜன்னலைத் திறக்கப் போனபோது தகடு உடைந்தது. ஆகஸ்டில் இரண்டாவது அறுவை. அதன் பிறகும் எலும்பு சேரவில்லை. முறிவுக்கு நடுவே போலி மூட்டு ஒன்று உருவாகியிருந்தது. டிசம்பரில் மாட்ரிட்டில், எட்டு மணி நேரம் நீடித்த மூன்றாவது அறுவையில், இடுப்பெலும்பிலிருந்து வெட்டி எடுத்த துண்டை வைத்து ஒட்டினார்கள். அப்போதுதான் அந்த இடத்தில் நுண்ணுயிர்த் தொற்றும் இருந்தது தெரியவந்தது. 2020 பருவம் முழுக்கப் போனது.

2021 ஏப்ரலில் திரும்பிவந்தார். ஜூன் 20 அன்று, 581 நாள் இடைவெளிக்குப் பிறகு முதல் வெற்றி. எந்தத் தடம் என்று ஊகித்திருப்பீர்கள்: சாக்சென்ரிங். அடுத்த வெற்றி ஆஸ்டின். அதுவும் இடஞ்சுழியாக ஓடும் தடம். பத்திரிகைகள் இதை உணர்ச்சிப் பெருக்காக எழுதின. எனக்கு அது ஒரு பரிசோதனை முடிவாகவே தெரிந்தது. வலது முழங்கைக்குப் பெரிய வேலையில்லாத இடங்களில் பழைய மார்க்கேஸ் அப்படியே இருந்தார். வலது திருப்பங்களில் வேறு யாரோ ஓட்டினார்கள்.

அந்த ஆண்டு முடிவதற்குள் இன்னொரு உறுப்பும் கைவிட்டது. அக்டோபர் கடைசியில் பயிற்சியின்போது விழுந்து தலையில் அடிபட, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. இது அவருக்குப் புதிதல்ல. 2011இல் மலேசியாவின் செபாங்கில் விழுந்தபோதும் இதே இரட்டைப் பார்வை வந்து, அந்த ஆண்டின் மோட்டோ2 பட்டம் கைநழுவியது. கண்ணில் அறுவை செய்துதான் மீண்டார். காரணம், நான்காவது கபால நரம்பு. பன்னிரண்டு இணை கபால நரம்புகளில் மிக மெல்லியது இது. மூளைத்தண்டின் பின்புறமாக வெளியேறும் ஒரே கபால நரம்பும் இதுதான். மண்டைக்குள் நெடுந்தூரம் சுற்றி வருவதால், தலை அதிரும்போது எளிதில் அடிபடும். இந்த நரம்பு இயக்குவது ஒரே ஒரு தசையை. அது கண்ணைக் கீழே இறக்கும். உள்பக்கமாகச் சுழற்றவும் செய்யும்.

சுழற்றுவதால் நமக்கு என்ன பயன் என்று தோன்றும். தலையை ஒரு தோளை நோக்கிச் சாய்க்கும்போது, உலகம் சாய்ந்து தெரியாமலிருக்கக் கண்கள் சற்றே எதிர்ப்பக்கம் சுழன்று ஈடுகட்டுகின்றன. அந்தச் சுழற்சியில் இந்தத் தசைக்கு முக்கியப் பங்கு. பந்தயக்காரர் திருப்பத்துக்குத் திருப்பம் செய்வதே இதுதான்: உடல் ஒருபுறம் சாய்ந்திருக்க, தலையை மட்டும் தொடுவானத்துக்கு இணையாக வைத்துக்கொள்ளப் பாடுபடுவது. நரம்பு செயலிழந்தவருக்கு, பாதிக்கப்பட்ட கண்ணின் பக்கம் தலை சாய்க்கும்போது இரட்டைப் பார்வை மோசமாகும். ஆறு மாதம்கூட ஆகாத நிலையில், 2022 மார்ச்சில், இந்தோனேசியாவின் மண்டலிகாவில் பைக் அவரைத் தூக்கி எறிய, மூன்றாவது முறையாக அது திரும்பியது. நல்லவேளை, சில வாரங்களில் சரியானது.

கை மட்டும் சரியாகவில்லை. ஸ்கேன் காட்டிய காரணம் எளிமையானது. சேர்ந்துவிட்ட மேற்கை எலும்பு, தன் நீளவாட்டு அச்சில் முறுக்கிக்கொண்டு சேர்ந்திருந்தது. ஏறக்குறைய 30 டிகிரி. தோளும் முழங்கையும் ஒன்றுக்கொன்று இருக்க வேண்டிய நிலையில் இல்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தால் முழங்கை இருக்க வேண்டிய இடத்தில் இராது. அதை அங்கே கொண்டுவரத் தோள் முறுக்கிக்கொள்ள வேண்டும். தோள் தசைகள் அந்த முறுக்கிலேயே 40 நிமிடம் உழைத்தால் சீக்கிரம் சோர்ந்துவிடும். வலதுகைதான் முன்பிரேக்கை அழுத்துவது, திராட்டிலைத் திருகுவது, வலது திருப்பத்தில் தரையருகே மடங்கிக் காத்திருப்பது. வழுக்கலைக் காப்பாற்றும் முழங்கையின் கோணத்தை மறக்க வேண்டாம் என்றேனே, அந்தக் கோணம் எலும்பிலேயே தொலைந்துபோயிருந்தது. பயிற்சியாலும் மனவுறுதியாலும் எலும்பின் முறுக்கைத் திருத்த முடியாது. இரண்டு ஆண்டு அதற்குத்தான் முயன்றுகொண்டிருந்தார் என்பது, பின்னோக்கிப் பார்த்தால், கொஞ்சம் பரிதாபமாகவே இருக்கிறது.

மேயோவில் நடந்த நான்காவது அறுவைக்குப் பின் கை திரும்பியது. வெற்றி உடனே திரும்பவில்லை. இப்போது சிக்கல் பைக்கில். ஹோண்டா, இத்தாலிய பைக்குகளிடம் மிகவும் பின்தங்கியிருந்தது. 2023இல் அதே சாக்சென்ரிங்கில், ஒரே வாரயிறுதியில் ஐந்து முறை விழுந்து, பந்தயத்தில் கலந்துகொள்ளாமலே விலகினார். பத்தாண்டு ராஜாங்கம் நடத்திய தடத்தில் ஐந்து முறை! ஒப்பந்தம் ஓராண்டு மீதமிருக்கும்போதே ஹோண்டாவை விட்டு, கிரெசினி என்ற சிறு அணியில், இத்தாலிய நிறுவனமான டுகாட்டியின் முந்தைய ஆண்டு பைக்கில் ஏறினார். 2024 செப்டம்பர் 1 அன்று ஸ்பெயினின் அரகோனில் வென்றபோது, கடைசி வெற்றியிலிருந்து 1043 நாள் ஆகியிருந்தது. 2025இல் டுகாட்டியின் தலைமை அணி. சனிக்கிழமை குறும்பந்தயமும் ஞாயிறு முழுப்பந்தயமும் சேர்த்து, தொடர்ந்து ஏழு வாரயிறுதிகளில் இரண்டையும் வென்றார். செப்டம்பர் 28 அன்று ஜப்பானின் மோட்டேகியில், ஐந்து பந்தயங்கள் மிச்சமிருக்கும்போதே, ஏழாவது மோட்டோஜிபி பட்டம். எல்லாப் பிரிவும் சேர்த்து ஒன்பதாவது. அந்தப் பருவத்தில் இரண்டாமிடம் பிடித்தவர் அவர் தம்பி அலெக்ஸ்.

2014தான் அவருடைய உச்சம் என்று சொல்பவர்கள் அதிகம். எனக்கு உடன்பாடில்லை. 2014இல் அவருக்கு முறியாத மேற்கை எலும்பு இருந்தது; எல்லையைத் தாண்டி விழுந்து பார்க்கும் வசதி இருந்தது. 2025இல் நான்கு முறை அறுக்கப்பட்ட கையும், மூன்று முறை கோணிய கண்ணும், ஹோண்டாவில் பழகிய கைக்கு வேறொரு நிறுவனத்து பைக்கும். முன்டயரைப் படிக்கும் அந்த ஊகக்கணக்கை 30 வயதுக்கு மேல் புதிதாக எழுதிக்கொண்டதன் பலன் தெரிந்த ஆண்டு அது. அறிவியல் கண்ணோடு பார்த்தால், கடினமான வேலை இரண்டாவதுதான்.

பட்டம் வென்ற ஏழாம் நாள், அக்டோபர் 5 அன்று, மண்டலிகாவில் முதல் சுற்றிலேயே பின்னால் வந்த பைக் மோதிக் கீழே விழுந்தார். வலது தோளில் எலும்பு முறிவும் தசைநார்ச் சேதமும்; பழைய காயங்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றார்கள். மிச்சமிருந்த நான்கு பந்தயங்களிலும் அவர் ஓட்டவில்லை. அடுத்த முறை தொலைக்காட்சியில் அவர் பந்தயம் வந்தால், திரையின் மூலையில் ஓடும் வேக எண்ணை விட்டுவிடுங்கள். ஒரு வலது திருப்பம் வரும்வரை பொறுத்திருந்து, அந்த முழங்கை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.